பெட்டியைத் திறக்கப் பயமேன்?

பள்ளிபாளையத்தில் நமது நண்பர் ஒருவர் இருக்கின்றார். விசைத்தறி ரிப்பேர் செய்வது அவரது தொழில். தெருவில் நின்றபடியே உள்ளே ஓடுகின்ற தறியின் சத்தத்தைக் கேட்டு, எந்தப் பல்சக்கரம் தேய்ந்து போயிருக்கின்றது என்று சொல்லக் கூடியவர். அப்பேர்ப்பட்டவர், 2022ஆம் வருஷத்தில் ஒருநாள் தமது வீட்டுக் கம்ப்யூட்டர் எழும்பாமற் போனபோது, அதன் மூடியிலுள்ள இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவும் தைரியமில்லாமல், அதைத் துண்டிலே சுற்றிக் கடைக்குத் தூக்கிக் கொண்டு போனார். கடைக்காரர் பத்து நிமிஷத்தில், "போர்டு போயிடுச்சுங்க அண்ணா" என்றார். "போர்டென்றால் என்ன? எப்படிப் போயிற்று?" என்று நண்பர் கேட்டதற்கு, "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்று பதில் வந்தது. 7,000 ரூபாய் கொடுத்து வேறு போர்டு போட்டுக் கொண்டு வந்தார். பழைய போர்டை மட்டும், தொழில்காரர் புத்தியானபடியால், கேட்டு வாங்கி வந்து பரண்மேல் போட்டு வைத்தார்.

அந்த 7,000 ரூபாயைப் பற்றி நாம் இங்கு எழுத வரவில்லை. "உங்களுக்குப் புரியாது" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுத வந்தோம். இந்த வார்த்தை நமது ஜனங்களுக்குப் புதிதல்ல. புரியாத பாஷையிலே மந்திரம் சொல்லி, அர்த்தம் கேட்டவனைப் பார்த்து "உனக்குப் புரியாது, தட்சிணையை வை" என்று சொன்னவர்களிடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தின் வாசனைதான், பல்சக்கரத்தை அக்கு அக்காகக் கழற்றி மாட்டுகின்ற மனிதனையும் ஒரு தகரப் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நிற்க வைக்கின்றது என்பது நமது அபிப்பிராயம். கடைக்காரர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்கின்றவன் இல்லாத இடத்தில் சொல்லுகின்றவன் எப்படி இருப்பானோ அப்படித்தான் அவர்களும் இருக்கின்றார்கள்.

நிற்க. சென்ற தையில் அதே நண்பர் நம்மிடம் வந்து, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கின்ற தமது மகளுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வேண்டியிருப்பதாகவும், கடையில் ஒரு விலை சொல்லியிருப்பதாகவும் கூறி, ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். அதில் "அசெம்பிள் செட் 1" என்றும், கீழே ஒரு தொகையும் மாத்திரம் எழுதியிருந்தது. என்ன பிராசசர், என்ன ராம், எந்தக் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு விவரமும் இல்லை. நூல் வாங்கப் போகின்ற இடத்தில் "நூல் 1 மூட்டை" என்று பில் எழுதிக் கொடுத்தால் இந்த நண்பர் சும்மா விட்டிருப்பாரா? கவுண்ட் எத்தனை, மில் எது என்று கேட்டு உண்டு இல்லை என்று செய்திருப்பார். ஆகவே, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிப் பார்க்கலாம் என்று சொன்னோம். நண்பர் பயந்தார். பெண்தான், "நான் பூட்டறேனுங்கப்பா" என்றாள்.

இந்த யந்திரம் யார் வேண்டுமானாலும் பூட்டும்படியாக ஏன் இருக்கின்றது என்பதைச் சொல்லாமல் மேலே போவதில் பிரயோஜனமில்லை. 1975ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்காவிலுள்ள "பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்" என்ற பத்திரிகை "ஆல்டெர் 8800" என்ற ஒரு சிறு கம்ப்யூட்டரைத் தன் அட்டையில் போட்டது. அதை விற்றவர்கள் முழு யந்திரமாக மாத்திரமன்றி, உதிரிச் சாமான்களாகவும் தபாலில் அனுப்பினார்கள். வாங்கினவர்கள் வீட்டு மேஜையில் வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தாங்களே பூட்டிக் கொண்டார்கள். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் சர்க்காரிடத்திலும் பெரிய கம்பெனியிடத்திலும் பூட்டிய அறைக்குள் இருக்கின்ற வஸ்து. பின்னர் 1981ஆம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனி தனது பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதை அவசரமாகக் கொண்டுவர வேண்டியிருந்தபடியால், எல்லாவற்றையும் தானே செய்யாமல், பிராசசரை இன்டெல்லிடத்திலும், இயங்கு நிரலை மைக்ரோசாப்டிடத்திலும், இப்படி வெளியில் கிடைத்த சாமான்களை வாங்கிச் சேர்த்தது. போர்டின் மின் வரைபடத்தையும் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. அதன் பலன் என்ன ஆயிற்றென்றால், 1983ல் காம்பாக் என்ற வேறொரு கம்பெனி அதற்கு ஒத்த யந்திரத்தை விற்க ஆரம்பித்தது. அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் செய்த கார்டு இன்னொருவர் செய்த போர்டில் பொருந்த வேண்டும் என்பது வழக்கமாகி விட்டது. ஐ.பி.எம். தர்மம் செய்ய நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் கதவு ஒருதரம் திறந்த பிறகு அவர்களாலும் அதைச் சாத்த முடியவில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. பழைய காலத்து ஏ.டி. போர்டுகளில் கரண்டு கொடுக்கின்ற இணைப்பு இரண்டு துண்டாக இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு கருகிப் போகும். "கருப்பு வயரும் கருப்பு வயரும் நடுவில் சேர வேண்டும்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவன்தான் அன்று மெக்கானிக். 1995ல் ஏ.டி.எக்ஸ். என்ற புது அளவை இன்டெல் வகுத்தபோது, அந்த இரண்டையும் ஒரே இணைப்பாக்கி, தப்பான பக்கம் திருப்பினால் நுழையாதபடி அதன் துளைகளில் சிலவற்றைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை மழுங்கியதாகவும் செய்துவிட்டார்கள். மனிதன் தப்புச் செய்வான் என்பதை ஒப்புக்கொண்டு, தப்புச் செய்தாலும் கெட்டுப் போகாதபடி யந்திரத்தைத் திருத்தியதுதான் அறிவுள்ள காரியம். தப்புச் செய்தவனைத் தெய்வ குற்றம் என்று மிரட்டுவது வேறு வகை.

சாமான்களைச் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் வாங்கினோம். அங்கே நடந்த பேரத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பிராசசரின் அடி போர்டிலுள்ள சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும். ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு ஏ.எம்.5 பிராசசர்தான். ராம், அந்தப் போர்டு கேட்கின்ற வகையாக இருக்க வேண்டும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டுக்கும் 288 தொடர்புகள்தான் என்றாலும், நடுவிலுள்ள வெட்டு சற்று விலகியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயருக்குக் கடைசியில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி இல்லை என்று அர்த்தம். அதை வாங்கிவிட்டுக் கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் வந்தால் மானிட்டரில் இருட்டைத்தான் பார்க்கலாம். இவ்வளவையும் அந்தப் பெண் நான்கு சாயந்தரத்தில் படித்துத் தெரிந்து கொண்டாள். இதில் "புரியாது" என்று சொல்லத் தக்கது எது என்று நாம் கேட்கின்றோம்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மாத்திரம் வாசகர்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகின்றோம். சுவரிலிருந்து வருகின்ற 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாச் சாமானுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். வெளியில் தெரியாத சாமானானபடியால், "செட்" விலையைக் குறைக்க வேண்டுமென்றால் அநேகமாக முதலில் கை வைக்கப்படுவதும் அதில்தான். கேபினெட்டுடன் இனாமாக வருகின்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருக்கின்ற வாட் கணக்கை நம்பி, ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சாமானை அதில் மாட்டுவது, சாயம் போகின்ற நூலில் பட்டுக் கரை வைப்பது போன்றதாகும். நமது நண்பரின் காகிதத்தில் இருந்த தொகைக்கும், நாம் தனித்தனியாக வாங்கிய தொகைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகின்றோம். வீட்டிலே பூட்டினால் பாதி விலை என்று சொல்லுகின்றவர்கள் பேச்சை நம்ப வேண்டாம். செயற்கை அறிவுக்கான பெரிய யந்திரசாலைகள் ராமை அள்ளிக் கொண்டு போனதால் 2025ஆம் வருஷக் கடைசியில் அதன் விலை தாறுமாறாக ஏறிற்று. அது கடைக்காரருக்கும் ஒன்றுதான், நமக்கும் ஒன்றுதான். ஆனால் அதே பணத்துக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும், ஒவ்வொரு சாமானுக்கும் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய பில்லும் வந்து சேர்ந்தன. வாரண்டி கேட்கப் போகின்ற அன்று இந்தப் பில்தான் பேசும். "அசெம்பிள் செட் 1" பேசாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பூட்ட ஆரம்பித்தோம். அப்போது ராகுகாலம் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நமக்குச் சான்று கொடுத்தார். அதை நாம் கேட்கவில்லை. தரையில் பாய் விரிக்காமல், மர மேஜையைத் துடைத்து அதன்மேல் வேலை செய்தோம். கையில் ஏறியிருக்கின்ற நிலை மின்சாரம் சில்லுகளைக் கெடுத்து விடலாம் என்பதால், அவ்வப்போது கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக் கொண்டாலே போதும். தேவையானது ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர். வேறு ஆயுதம் ஒன்றுமில்லை.

பிராசசரை வைப்பதுதான் முதற்பயம். ஏ.எம்.5 சாக்கெட்டில் 1,718 மெல்லிய கம்பிகள் போர்டிலே நிற்கின்றன. அதில் விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். ஆனால் பிராசசரின் ஒரு மூலையில் ஒரு சிறு முக்கோணம் போட்டிருக்கின்றது. சாக்கெட்டிலும் போட்டிருக்கின்றது. இரண்டையும் நேராக்கி மெதுவாக வைத்தால் அது தானாகவே உட்காருகின்றது. அமுக்கவே கூடாது. பிறகு இரும்புச் சட்டத்தை மூடி, லீவரை அழுத்திக் கொக்கியில் மாட்ட வேண்டும். இந்த லீவர் கொஞ்சம் பலம் கேட்கும், நறநறவென்று சத்தமும் வரும். அந்தச் சத்தம் கேட்டவுடன் நமது நண்பர், "ஐயோ, உடைஞ்சு போச்சு கண்ணு!" என்று எழுந்து விட்டார். ஒன்றும் உடையவில்லை. மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி மாத்திரம் தானாகத் தெறித்து வெளியே வந்தது. அது அப்படித்தான் வர வேண்டும்.

கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் முன்னமே பூசி வந்திருந்தது. தனியாக வாங்கினவர்கள் பட்டாணியளவு வைத்தால் போதும், தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் விட வேண்டியதில்லை. நான்கு ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் இறுக்காமல், எதிர் எதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இதை நண்பரே சொன்னார், தறியின் பேரிங் மூடியைப் பூட்டுவதும் இப்படித்தானாம். அதுமுதல் அவருக்குப் பயம் பாதியாகக் குறைந்தது. கேபினெட்டில் பித்தளைக் கால்களை நட்டு அதன்மேல் போர்டை வைத்தபோது, துவாரமில்லாத இடத்தில் ஒரு கால் நின்று போர்டின் அடியில் முட்டும்போல் இருப்பதைக் கண்டுபிடித்துக் கழற்றியவரும் அவர்தான். அதை விட்டிருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும். முன் பட்டனிலிருந்து வருகின்ற பொடி வயர்களைக் கையேட்டைப் பார்த்துச் செருகுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அது ஒரு எரிச்சல் பிடித்த வேலை.

கரண்டு கொடுத்தோம். ஃபேன் சுற்றியது. மானிட்டர் இருட்டு.

இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மெதுவாக, புதுச் சாமானுக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது சுற்றியிருக்க வேண்டும் என்றார். நண்பரோ, கடைக்கே கொண்டு போய்விடலாம் என்றார். இந்த இரண்டு யோசனைக்கும் தாத்பரியம் ஒன்றே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் பழைய பூசாரியிடத்தில் போகச் சொன்னார், மற்றவர் புதுப் பூசாரியிடத்தில் போகச் சொன்னார். அந்தப் பெண் இரண்டு பேச்சையும் காதில் வாங்காமல் கேபினெட்டுக்குள் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தாள். போர்டின் ஓரத்திலே நான்கு பொடி விளக்குகள் இருக்கின்றன. பிராசசர், ராம், படம், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, எது சரியில்லையோ அந்த விளக்கை எரிய விட்டு நின்று விடும். ராம் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. யந்திரம் தன் குறையைத் தானே சொல்லிக் கொண்டிருக்க, மனிதர்கள் நாம் எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம்!

கரண்டை நிறுத்தி, ராமைக் கழற்றினாள். இரண்டு பலகையில் ஒன்று முழுவதும் இறங்காமல், ஒரு பக்கம் நூலளவு தூக்கி நின்றிருந்தது. மறுபடி வைத்து, இரண்டு கட்டை விரலாலும் "கிளிக்" என்று கொக்கி விழும்வரை அழுத்தினாள். மறுபடி கரண்டு. மறுபடி இருட்டு. நண்பர் சுவிட்சை நிறுத்தக் கையை நீட்டினார். "இருங்கப்பா, முதல் தடவை ராமைப் பழக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்னு கையேட்டுல போட்டிருக்குது" என்று அவள் தடுத்தாள். அது உண்மைதான். டி.டி.ஆர். 5 ராமை ஒரு போர்டு முதன்முதலில் பார்க்கின்றபோது, அதற்கு ஏற்ற வேகத்தையும் நேரத்தையும் சோதித்துப் பார்த்துக் குறித்துக் கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக் கொள்ளும். பாதியில் நிறுத்தினால் அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். இது தெரியாமல், நல்ல போர்டைக் கெட்டதென்று திருப்பிக் கொண்டு போகின்றவர்களும் உண்டு. மூன்று நிமிஷத்துக்குள் மானிட்டரில் எழுத்து வந்தது. பெரியவர் எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டியது நமது கடமை.

அந்தக் கையேடு இங்கிலீஷிலும் இன்னும் பல பாஷைகளிலும் அச்சாகியிருந்தது. தமிழ் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தபடியால் மூன்று நிமிஷத்தில் தீர்ந்தது. தெரியாத வீட்டில் அதே போர்டு மூட்டை கட்டிக் கடைக்குப் போயிருக்கும். தமிழ்நாட்டில் இத்தனை சாமான் விற்று இத்தனை பணம் சம்பாதிக்கின்றவர்கள், நான்கு பக்கம் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் குடி மூழ்கிப் போய்விடாது. இதைக் கேட்க வேண்டியவர்கள் வாங்குகின்ற நாம்தான்.

சிலர் நம்மைப் பார்த்து, "அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் போதாதா? எல்லோரும் எல்லாவற்றையும் பூட்டிக் கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்கலாம். முடியாது, வேண்டியதுமில்லை. கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் மாத்திரம் வேண்டுமென்கின்றவர்கள் புதிதாக ஒன்றும் பூட்ட வேண்டாம். பழைய யந்திரத்தில் சுற்றுகின்ற ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும், அது புதுப் பிறவி எடுத்ததுபோல் ஓடும். லாப்டாப்பிலும் போனிலும், பசை வைத்து ஒட்டிக் கை நுழையாதபடி செய்து விடுகின்ற வழக்கம் பெருகி வருகின்றது. அதிலே கை வைக்கச் சொல்லவும் நாம் துணியோம். அன்றியும், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாத்திரம் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதும் அறிவுதான். நாம் கண்டிப்பதெல்லாம், எதற்குப் பயப்படுகின்றோம் என்று தெரியாமலே பயப்படுவதைத்தான்.

"ஒரு பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?" என்று நண்பரின் உறவினர் ஒருவர் கேட்டதாகவும் தெரிகின்றது. தறிக் குடோனில் பகலும் இரவும் பெண்கள் நின்று நூல் முடிகின்றபோது கேட்காத கேள்வியை, ஸ்க்ரூ டிரைவர் கையில் ஏறியவுடன் கேட்கின்ற அந்தக் கனவானுக்கு நாம் பதில் சொல்லிப் பத்திரிகையை வீணாக்க விரும்பவில்லை.

அன்று சாயந்தரம், விளக்கு வைத்த பிறகு, நண்பர் ஏணி வைத்துப் பரணில் ஏறி அந்த 2022ஆம் வருஷத்துப் போர்டை இறக்கினார். வீட்டிலிருந்த பழைய யந்திரத்தின் மூடியை இந்தத் தடவை அவரே கழற்றினார். 7,000 ரூபாய்ப் போர்டை எடுத்துவிட்டு, பிராசசரையும் ராமையும் பழைய போர்டுக்கு மாற்றினார்கள். ராமின் அடியிலுள்ள மஞ்சள் பற்கள் கறுத்திருப்பதைக் கண்டு, அந்தப் பெண் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து வைத்தாள். பட்டனை அழுத்தினார். மானிட்டர் எரிந்தது. நண்பர் வெகுநேரம் அதைப் பார்த்துக் கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. போர்டு போகவே இல்லை. அது இப்போது அவரது பட்டறையில் கூலிக் கணக்கு எழுதிக் கொண்டிருக்கின்றது.